மனைவி எழுதிய தேர்வும் நான் உரித்த பூண்டும்

என் மனைவி எந்தக் காரணம் கொண்டும் மேல்படிப்புக்குப் போகக் கூடாது என்று நான் உறுதியாக முடிவெடுத்தேன். அதே மூச்சில், "ரொம்ப நல்ல விஷயம், தாராளமா படி" என்று அவளிடம் சொன்னதும் நான்தான். இது உங்களுக்கு விசித்திரமாகத் தெரிந்தால், நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் அல்ல.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். கார் இடித்துவிட்டது, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் நாங்கள் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வதே கிடையாது. உட்கார வைப்போம். தண்ணீர் கொடுப்போம். கண்டிப்பாகச் செய்துவிடலாம் என்போம். அப்புறம் ஒரு சான்றிதழ் கேட்போம். அதைக் கொண்டுவந்தால், அது சரியான சான்றிதழ்தான் என்பதற்கு இன்னொரு சான்றிதழ் கேட்போம். கடைசியில் அவர்களே அலுத்துப்போய், 'வேண்டாம் சார், விடுங்க' என்று எழுந்து போய்விடுவார்கள். நாங்கள் வாசல்வரை வந்து வழியனுப்பி வைப்போம்.

ஊரையெல்லாம் உட்கார வைக்கிற எனக்கு உட்காரத்தான் வராது. ஆபீசில் என் நாற்காலி எப்போதும் புதுசாகவே இருக்கிறது. வீட்டில் ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பேப்பர் படிப்பது நடந்துகொண்டு. பல் தேய்ப்பது நடந்துகொண்டு. அந்தப் பாதையில் தரை மட்டும் தனியாக மினுங்கும். காலில் சக்கரம் கட்டிவிட்டுத்தான் உங்களைப் பெத்தாங்களா என்று என் மனைவி கேட்பாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"யாரோ டாக்டர் ஒரு கேள்வி கேக்கறாங்க. நான் ரத்தத்தை எடுத்துப் பதில் கண்டுபிடிச்சுக் குடுக்கறேன். இத்தனை வருஷமா இதேதான். ஒரு கேள்வியாவது நானா கேட்டுப் பாக்கணும்ங்க. முதுநிலைக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போறேன்."

படிப்பு இரண்டு வருஷம். பல்கலைக்கழகம் இருப்பதோ ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய் இறங்குகிற ஊர்.

அப்போதுதான் நான் தாராளமாகப் படிக்கச் சொன்னேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். சாப்பாட்டை நினைத்துப் பயம் இல்லை, அதற்கு ஹோட்டல் இருக்கிறது. நான் ஹாலில் நடந்து நடந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்போது, 'கொஞ்சம் உக்காருங்களேன்' என்று ஒரு குரல் வரும். உட்கார மாட்டேன். ஆனால் அந்தக் குரல் இல்லாத ஹாலில் எங்கே போய்த் திரும்புவது என்றே எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சான்றிதழ் கேட்டுத்தான் பழக்கம்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் யோசனை கேட்டேன். அவர் வீட்டில் எந்த வேலையும் செய்யாமல் நிம்மதியாக வாழ்கிறவர். ஒரே ஒரு தடவை எல்லாவற்றையும் கெடுத்துக் காட்டிவிட்டால் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டார்கள் என்றார். எனக்குப் பொறி தட்டியது. சமையலறையை நான் ஏற்றுக்கொள்வது. ஏற்றுக்கொண்டு நாசம் செய்வது. நான் இல்லாவிட்டால் இந்த மனுஷன் செத்துப்போவார் என்று அவளே பயந்து புத்தகத்தை மூடிவிட வேண்டும்.

"நீ படி. அடுப்படி என் பொறுப்பு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சரி என்று சாப்பாட்டு மேஜையில் புத்தகங்களைப் பரப்பினாள்.

முதல் நாள் சோறு வைத்தேன். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டுமோ அதற்கு மேல் ஒரு செம்பு விட்டேன். மனம் ஆறாமல் இன்னொரு செம்பும் விட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் மேஜையிலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம், குடும்பத்தோடு கிளம்புகிறார்களாம். குக்கர் விசிலில் பாதி காதில் விழவில்லை. 'ம்' கொட்டிவைத்தேன்.

மூடியைத் திறந்தால் பசை. போஸ்டர் ஒட்டலாம். நடந்துகொண்டே அவள் முகத்தைக் கவனித்தேன். அவள் ஒரு ஸ்பூன் எடுத்து வந்து, படிக்கிற காலத்தில் வயிறு லேசாக இருப்பது நல்லதுதான் என்று முழுவதையும் சாப்பிட்டாள். நாளைக்குச் சமைக்க வேண்டாம், காய் மட்டும் நறுக்கிக் கொடுத்தால் போதும் என்றாள்.

ஆஹா, வேலை பாதியாகக் குறைந்துவிட்டதே என்று எனக்கு உற்சாகம். மறுநாள் காரட்டை நறுக்கினேன். ஒரு துண்டு கட்டைவிரல் அளவு, அடுத்தது தூள். அதையும் பார்த்தாள். பரவாயில்லை, நாளையிலிருந்து பூண்டு உரித்தால் போதும் என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள்.

"எங்க தேர்வும் இப்படித்தாங்க" என்றாள். "கம்ப்யூட்டர்ல எழுதறது. எல்லாருக்கும் ஒரே கேள்வி வராது. சரியா எழுதினா அடுத்தது கஷ்டமா வரும். தப்பா எழுதினா அடுத்தது சுலபமா வரும்."

"அப்ப தப்பா எழுதறவன் கொடுத்து வச்சவன்னு சொல்லு."

"பாத்தா அப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

மறுநாள் ஒரு கூடை பூண்டு வந்தது. அரைத்து வைத்துக்கொண்டால் மாசம் முழுக்கக் கவலை இல்லையாம். நீங்கள் என்றாவது நடந்துகொண்டே பூண்டு உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். தோல் ஹால் முழுக்கப் பறந்தது. மின்விசிறி மிச்சத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனது. எல்லாவற்றையும் நானே பெருக்கினேன். நின்றுகொண்டு உரித்தால் பல் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. பூண்டு என்பது மனிதனை உட்கார வைப்பதற்காகவே படைக்கப்பட்ட வஸ்து. உட்கார்ந்தேன். கால் இரண்டும் தன்பாட்டுக்குத் தரையில் தாளம் போட்டன. முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஒரு பல் உரிப்பதற்குள் நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். கூடையில் பூண்டு குறையவே இல்லை.

இதையும் கெடுத்துத் தொலைக்கலாம் என்றால், பூண்டைத் தப்பாக உரிப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லாததால் இதற்குக் கீழே போகவும் வழியில்லை. முட்டாள்களின் கடைசி வகுப்பில் என்னைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அந்தக் கூடை தீர்ந்த அன்று அவள் இன்னொரு கூடை வாங்கி வந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "நகரு, சோறு நான் வைக்கறேன்" என்றேன்.

அன்று சோறு மல்லிகை மொட்டாக வந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் கேள்வி கஷ்டமானது. காய்கறிக் குழம்பு. அதையும் சரியாகச் செய்தேன், பூண்டுப் பயம் அப்படி. உடனே வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கும் வேலை வந்தது. அப்புறம் துணி, அப்புறம் தண்ணீர் மோட்டார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குக்கூட என்னைத்தான் அனுப்பினாள். அங்கே போய் லிஃப்ட் தகராறைத் தீர்த்துவிட்டு வந்தேன். நடந்துகொண்டே செய்யக்கூடிய வேலைகள் என்பதால் எனக்கு அலுப்பே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது. பல் டாக்டர் மனைவி ஒருநாள் எங்கள் வீட்டுக் குழம்பை ருசி பார்த்துவிட்டு நேரே போய்ப் புருஷனைப் பிடித்து உலுக்கியதாகக் கேள்வி. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

பெருமையில் திட்டத்தையே மறந்துவிட்டேன். ஒருநாள் அவள் மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டிய பிறகுதான் சுரீர் என்றது. இவள் போய்விடுவாள் போலிருக்கிறதே. உடனே வழியை மாற்றினேன். அவள் படிக்கும்போது மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். உப்பு எங்கே, சீப்பு எங்கே என்று கேட்டேன். அவள் தலையைத் தூக்காமல் இடம் சொன்னாள். பிறகு, தேர்வு ஹாலில் பக்கத்தில் இருக்கிறவர்கள் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் தொந்தரவாக இருக்குமாம், நீங்கள் இப்படியே நடங்கள், எனக்குப் பழகட்டும் என்றாள். அவளுக்கு உதவியாகிவிடக் கூடாதே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக வீம்புக்கு உட்கார்ந்தேன். அப்பாடா, இப்போதுதான் அமைதியாக இருக்கிறது என்று அவள் இன்னும் வேகமாகப் படித்தாள்.

தேர்வு நாள் வந்தது. நானே கூட்டிப் போனேன். அவள் உள்ளே போனதும் அந்தக் கட்டடத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் நன்றாக எழுத வேண்டும் என்று ஒரு சுற்று, எழுதக் கூடாது என்று ஒரு சுற்று. வாசல் காவலாளிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். உங்கள் பெண் எழுதுகிறாளா சார் என்று பரிதாபமாகக் கேட்டு நாற்காலியைக் கொடுத்தார். மனைவி என்றேன். நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

"கேள்வியெல்லாம் எப்படி?"

"கஷ்டங்க. போகப் போக ரொம்பக் கஷ்டம். கடைசியில மண்டை காஞ்சு போச்சு."

என் நெஞ்சில் பால் வார்த்தாள். பாவம், போனால் போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றி, எதிர்க் கடையில் பெரிய ஐஸ்கிரீமாக ஆளுக்கொன்று வாங்கினேன். அவள் பாதி சாப்பிட்டு முடித்த பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"கேள்வி கஷ்டமா வந்தா சந்தோஷப்படணுங்க. நல்லா எழுதியிருக்கோம்னு அர்த்தம். சொன்னேனே, மறந்துட்டீங்களா?"

என் ஐஸ்கிரீம் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது.

சில வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து இடம் கிடைத்த தகவல் வந்தது. நான் கைகுலுக்கினேன். அவள் சந்தோஷப்பட்ட மாதிரியும் இருந்தது, படாத மாதிரியும் இருந்தது. சாப்பிடும்போது பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் சரியா வந்துடுச்சு. எங்க அம்மா விஷயம் மட்டும்தாங்க இடிக்குது. அது சரியாகலைன்னா நான் போக முடியாது."

எனக்குள் மணி அடித்தது. அத்தை சம்மதிக்கவில்லை. அதைத்தான் இவள் சொல்கிறாள்.

என் அத்தை ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அவர் ஒருதடவை முறைத்தால் மரத்தில் இருக்கும் காக்காகூட வரிசையில் உட்காரும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குத் தங்க வந்தார். வந்ததும் முதல் வேலையாக, 'உக்காருங்க மாப்பிள்ளை' என்றார். நான் எழுந்தபோதெல்லாம் அதையே சொன்னார். மூன்றாம் நாள் நான் ஒரு நல்ல எண்ணத்தில், அவர் கேட்காமலேயே திரும்பிப் போக டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் கிடைச்சிருக்கு அத்தை என்று கையில் கொடுத்தேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இனி மாப்பிள்ளை தன் வாயால் கூப்பிட்டால்தான் இந்த வீட்டுப் படி ஏறுவேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் கூப்பிடவில்லை. அவர் ஏறவில்லை. கல்யாண வீடுகளில் தூரத்திலிருந்து கும்பிட்டுக்கொள்வோம்.

அப்படிப்பட்டவர் வந்து ஒரு அதட்டல் போட்டால் போதும், படிப்பாவது ஒன்றாவது. மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே அவருக்குப் போன் செய்தேன்.

"அத்தை, நான்தான் பேசறேன். நீங்க ஒடனே கிளம்பி வீட்டுக்கு வரணும்."

"மாப்பிள்ளையா பேசறது? நீங்களா கூப்பிடறீங்க?"

"நானேதான் அத்தை."

"உங்க வாயால?"

"என் வாயாலதான். எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. உங்க பொண்ணு மனசு மாறற வரைக்கும்..."

'இருங்க' என்பதோடு அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மச்சான் ஓட்டிவந்தார். அத்தை முன்சீட்டிலிருந்து இறங்கி, படியேறி, கதவருகே நின்று என் முகத்தைப் பார்த்தார். வாங்க அத்தை என்றேன். உள்ளே வந்தார். நான் குஷியாகச் சாமான்களை இறக்க ஓடினேன். முதலில் ஒரு பெட்டி வந்தது, சரி. இன்னொரு பெட்டி வந்தது, சரி, பெண்கள் சமாசாரம். அப்புறம் ஒரு சாய்வு நாற்காலி வந்தது. புத்தக அலமாரி வந்தது. கடைசியில் தையல் மெஷின் வந்தது. ஒரு அதட்டல் போட வருகிறவருக்கு எதற்குத் தையல் மெஷின்?

மச்சான் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். பெரிய மனசு மாப்பிள்ளை உங்களுக்கு என்று சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினார். ஹாலுக்கு வந்து விஷயத்தை ஆரம்பித்தேன்.

"அத்தை, உங்க பொண்ணு இந்த வயசுல படிக்கப் போறேங்கறா. நீங்க நாலு வார்த்தை சொல்லணும்."

"நான் சொல்லித்தானே மாப்பிள்ளை தேர்வே எழுதினா" என்றார் அத்தை.

நான் சமையலறைக்குள் போனேன். என் மனைவி அம்மாவுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

"அண்ணன் மாற்றலாகிப் போறான்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க 'ம்'னீங்க" என்றாள் திரும்பாமலே. "அம்மா அவன்கூடப் போக மாட்டேன்னுட்டாங்க. தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது? இங்க வந்து இரும்மான்னா, மாப்பிள்ளை வாயால கூப்பிடணும்னு பிடிவாதம். கூப்பிடுங்கன்னு நான் உங்ககிட்ட கேட்டிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?"

"கண்டிப்பா கூப்பிடலாம்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறம்?"

யோசித்தேன். "ஒரு சான்றிதழ் கேட்டிருப்பேன்."

அவள் சிரித்தாள். டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். சோற்றில் தண்ணீர் விட்டதிலிருந்து எல்லாம் தெரியும் என்றாள். போகாதே என்று நேராகவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள்.

"சொல்லியிருந்தா?"

"உக்காந்து அழுதிருப்பேன். அப்புறம் போயிருப்பேன்."

நான் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடந்தேன். அந்தச் சமையலறையில் அதற்கு மேல் நடக்க இடமில்லை.

"நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"தெரியும். அதான் உங்களைத் தனியா விட்டுட்டுப் போகலை" என்றாள்.

ரயிலேற்றப் போனேன். ஜன்னலோரத்து இருக்கை. பிளாட்பாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இரண்டு வருஷம், உங்க அம்மாவோட. ரொம்பக் கஷ்டம்."

"கஷ்டமா வந்தா சந்தோஷப்படணுங்க" என்றாள். "நல்லா எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம்."

ரயில் நகர்ந்தது. கூடவே நடந்தேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மனம் கனத்துக் கிடந்தாலும் ஓரத்தில் ஒரு கர்வமும் இருந்தது. சும்மாவா? சோறு, குழம்பு, மோட்டார், லிஃப்ட் என்று ஏறி வந்தவன் நான். அத்தையையும் ஒரு கை பார்த்துவிடலாம். அன்று இரவுச் சாப்பாட்டை உயிரைக் கொடுத்துச் சமைத்தேன். பல் டாக்டர் மனைவியைக் கவிழ்த்த அதே குழம்பு. பரிமாறிவிட்டு ஹாலில் நடக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினேன். சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"உக்காருங்க மாப்பிள்ளை."

என்னவோ தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்று விழுங்கினார். விடைத்தாளைத் திருத்துகிற முகம். நான் காலை ஆட்டாமல் காத்திருந்தேன்.

"நாளையிலேர்ந்து நீங்க பூண்டு மட்டும் உரிச்சாப் போதும் மாப்பிள்ளை" என்றார்.